ராத்திரியானால் விழுந்துவிடுகிறேன், ஓய்வுநாள் பள்ளியில் பாடம் எடுக்க எனக்குத் தகுதி இருக்கிறதா?

மார்த்தாண்டம்காரன் எழுதியது:

எல்லோருக்கும் ஸ்தோத்திரம். வீட்டில் கேட்க முடியாத விஷயம், நண்பர்களிடம் கேட்டால் சிரிப்பார்கள், அதனால் இங்கே கேட்கிறேன்.

சொந்த ஊர் மார்த்தாண்டம் பக்கம், சி.எஸ்.ஐ. சபை, தாத்தா காலத்திலிருந்தே சபைக்குடும்பம். எனக்குத் திருவனந்தபுரம் பக்கம் கழக்கூட்டத்தில் ஐடி கம்பெனி வேலை. திங்கள் காலை குழித்துறையில் ரயில் ஏறினால் வெள்ளி ராத்திரிதான் வீடு, நடுவில் அங்கேயே அறை எடுத்துத் தனியாகத் தங்குகிறேன். ஞாயிற்றுக்கிழமை ஓய்வுநாள் பள்ளியில் சின்ன வகுப்புப் பிள்ளைகளுக்குப் பாடம் எடுக்கிறேன், பாடகர் குழுவிலும் இருக்கிறேன். என்னைக் காட்டித் தங்கள் பையன்களுக்குப் புத்தி சொல்கிற அப்பாக்கள் சபையில் இருக்கிறார்கள், அதுதான் ரொம்ப வலிக்கிறது.

பிரச்சினை ராத்திரியில்தான். பார்சல் சாப்பாடு சாப்பிட்டுவிட்டுப் படுத்துக்கொண்டே போனை எடுத்தால் முதலில் கிரிக்கெட், அப்புறம் ரீல்ஸ், அப்புறம் பார்க்கக்கூடாத வீடியோக்கள். முடிந்ததும் அழுகை வரும், ஜெபம் பண்ணுவேன், இனிமேல் இல்லை ஆண்டவரே என்று சொல்வேன். ஈஸ்டருக்கு முந்தின நாற்பது நாள் லெந்து காலம் முழுவதும் ஒழுங்காக இருந்தேன், ஈஸ்டர் கழிந்து அதிக நாள் தாங்கவில்லை. கன்வென்ஷன் கூட்டத்தில் கடைசி நாள் மனந்திரும்ப அழைப்புக் கொடுக்கும்போது முன்னால் போய் முழங்கால்படியிட்டிருக்கிறேன், அந்த நேரத்தில் அது உண்மையாகத்தான் இருந்தது. இப்போது அலுவலகத்தில் பார்ட்டி வைக்கும்போதெல்லாம் ஒரு பீர் மட்டும் குடி என்று கட்டாயப்படுத்துகிறார்கள். இதுவரை தொட்டதில்லை. ஆனால் "அதில் விழுந்துகொண்டே இருக்கிறாய், இதில் மட்டும் என்ன பரிசுத்தம் வேண்டிக்கிடக்கிறது" என்று மனசுக்குள் ஒரு குரல் கேட்கிறது. அந்தக் குரலை நினைத்தால்தான் பயம்.

ஜெபம் பண்ண வேண்டும், வேதம் வாசிக்க வேண்டும் என்பது தெரியும். உறுதியாக நிற்கிறவர்கள் அன்றாடம் என்னதான் செய்கிறீர்கள் என்று சொல்லுங்கள். அப்புறம், ஓய்வுநாள் பள்ளியை நான் விட்டுவிட வேண்டுமா?

தக்கலை அக்கா எழுதியது:

தம்பி, நீ கேட்டதே நல்லது. நான் நர்ஸ், ஒளித்து வைக்கிற நோய்தான் முற்றும் என்பதை தினமும் பார்க்கிறவள், அதனால் நேராகவே பேசுகிறேன்.

சோதனை வருவது வேறு, பாவம் செய்வது வேறு. இயேசுவே வனாந்தரத்தில் நாற்பது நாள் உபவாசம் இருந்து பசியோடு இருந்தபோதுதான் சோதனைக்காரன் வந்தான் என்று மத்தேயு 4-ல் இருக்கிறது. அவர் எல்லாவிதத்திலும் நம்மைப்போல் சோதிக்கப்பட்டும் பாவமில்லாதவராயிருந்தார் என்று எபிரெயர் 4:15 சொல்கிறது. ஆகையால் மனசில் ஓர் ஆசை எழுந்ததுமே நான் கெட்டவன் என்று முடிவுகட்டிவிடாதே. அப்படி முடிவுகட்டுகிறவர்கள்தான் "சரி, இனி என்ன" என்று மீதி தூரத்தையும் போய்விடுகிறார்கள். உன் பீர் விஷயத்தில் கேட்கிறதாகச் சொன்னாயே, அந்தக் குரல் இதைத்தான் செய்யப் பார்க்கிறது. ஒரு இடத்தில் விழுந்தவன் இன்னொரு இடத்தில் நிற்கக்கூடாது என்று ஆண்டவர் எங்கேயும் சொல்லவில்லை. பீர் விஷயத்தில் நீ நிற்பது வேஷம் கிடையாது, உன் விசுவாசம் உயிரோடு இருப்பதற்கு அடையாளம்.

இனி ராத்திரியைப் பற்றி. நீ எழுதியதை நீயே திரும்ப வாசி. களைப்பு, தனிமை, பார்சல் சாப்பாடு, படுக்கை, போன், கிரிக்கெட், ரீல்ஸ், அதற்குப் பிறகு வீடியோ. நீ சண்டை போடுகிறது கடைசிப் படியில். அங்கே எவனும் ஜெயிக்க மாட்டான், நீ மட்டும் இல்லை. யாக்கோபு 1:14, 15-ல் வரிசையாக இருக்கிறது: சுய இச்சை இழுக்கும், சிக்கவைக்கும், அது கர்ப்பந்தரித்து பாவத்தைப் பிறப்பிக்கும். நீ தடுக்க வேண்டியது இழுக்கிற இடத்திலேயே, அதாவது படுக்கைக்குப் போன் வருகிற இடத்தில். யோசேப்பைப் பார், அவன் எஜமான் போத்திபாரின் மனைவி தன்னோடு படுக்கச் சொல்லி நாள்தோறும் பேசினாள், அவன் அவளோடு இருக்கவும் சம்மதிக்கவில்லை என்று ஆதியாகமம் 39:10 சொல்கிறது. கடைசியில் வஸ்திரத்தை அவள் கையிலே விட்டுவிட்டு ஓடினான். அறைக்குள் நின்று ஜெபித்து ஜெயிக்கலாம் என்று அவன் நினைக்கவே இல்லை.

செய்ய வேண்டியது கஷ்டமானதில்லை. அலாரத்துக்குத் தனியாக ஒரு கடிகாரம் வாங்கு, போனை அறையின் அந்தப் பக்கம் அலமாரிக்குள் வைத்து சார்ஜ் போடு, ஒன்பதரைக்கு மேல் அதைத் தொடாதே. ஆண்ட்ராய்டு போனில் செட்டிங்ஸில் பிரைவேட் டிஎன்எஸ் என்று ஒன்று இருக்கும், அங்கே கிளவுட்ஃபிளேர் நிறுவனம் இலவசமாகத் தருகிற குடும்ப வடிகட்டியின் முகவரியைப் போட்டால் ஆபாசத் தளங்கள் பெரும்பாலும் திறக்காது. வேண்டுமென்றால் நீயே அதை எடுத்துவிடலாம், ஆனால் எடுக்கிற அந்த நேரம் போதும், நீ எழுந்து வெளியே போவதற்கு. ராத்திரி சாப்பாட்டை அறைக்குக் கொண்டுவராமல் ஆட்கள் இருக்கிற கடையில் உட்கார்ந்து சாப்பிடு. முடிந்தால் தனி அறையை விட்டுவிட்டு இன்னொரு விசுவாசப் பையனோடு தங்கு, வாடகையும் குறையும்.

இவ்வளவும் செய்த பிறகும் உன்னால் நிறுத்தவே முடியவில்லை, தூக்கமும் வேலையும் கெடுகிறது என்றால் அது மருத்துவ உதவியும் தேவைப்படுகிற பழக்கம். 14416 டெலி மானஸ் என்கிற மனநல உதவி எண், அரசாங்கத்தினுடையது, இலவசம், தமிழிலும் பேசலாம். அதற்கு போன் செய்வது விசுவாசக் குறைவு என்று யாராவது சொன்னால் அவர்கள் காய்ச்சலுக்கு எங்கே போகிறார்கள் என்று கேள்.

ஜெபவீரன் எழுதியது:

சகோதரனே, அன்போடுதான் சொல்கிறேன், கசப்பாக இருந்தாலும் கேளுங்கள். பரிசுத்தம் இல்லாமல் பிள்ளைகளுக்கு முன்னால் வேதத்தைத் திறக்காதீர்கள். போதகராகிறவர்களுக்கு அதிக ஆக்கினை வரும் என்று யாக்கோபு 3:1-ல் எழுதியிருக்கிறது. இந்த ஞாயிறோடு நிறுத்திவிட்டு உபவாசத்தில் உட்காருங்கள். இது மாம்சம் மட்டும் இல்லை, பிசாசின் கட்டு. வடிகட்டி, கடிகாரம் எல்லாம் மனுஷ யோசனை, முழங்காலில்தான் ஜெயம்.

நெய்யூர் சார் எழுதியது:

மக்கா, நான் பள்ளிக்கூட வாத்தியாராக இருந்து ஓய்வு பெற்றவன், ஓய்வுநாள் பள்ளியையும் நெடுங்காலம் நடத்தியிருக்கிறேன், அந்த உரிமையில் எழுதுகிறேன்.

ஜெபவீரன் சகோதரர் யாக்கோபு 3:1-ஐச் சொன்னார், சரிதான், அந்த வசனத்தை லேசாக எடுக்கக்கூடாது. ஆனால் அதே அதிகாரத்தில் அடுத்த வசனமே "நாம் எல்லாரும் அநேக விஷயங்களில் தவறுகிறோம்" என்றுதான் தொடங்குகிறது. எழுதின அப்போஸ்தலன் தன்னையும் சேர்த்துக்கொள்கிறார். உபவாசத்தையும் நான் குறைத்துச் சொல்லவில்லை, நானே இருக்கிறவன். ஆனால் மாற்கு 9-ல் கை இடறல் உண்டாக்கினால் தறித்துப்போடு என்று சொன்ன ஆண்டவர் "அதற்காக ஜெபம் மட்டும் பண்ணு" என்று சொல்லவில்லை. போனை அலமாரியில் வைப்பது தறித்துப்போடுவதில் சேர்ந்ததுதான், தக்கலை அக்கா சொன்னதை மனுஷ யோசனை என்று தள்ளிவிடக் கூடாது.

ஓய்வுநாள் பள்ளியை நீயே ஒரு வெறியில் விட்டுவிடாதே, யாரிடமும் சொல்லாமல் அப்படியே தொடரவும் செய்யாதே. இரண்டுமே ஒளிப்பதுதான். ஆயர் ஐயாவிடம் போ, தனியாக நேரம் கேள், உள்ளதைச் சொல். கொஞ்ச மாதம் விலகியிரு என்று அவர் சொன்னால் விலகியிரு, அது தண்டனை இல்லை. தொடர் என்றால் தொடர். முடிவெடுக்கிற பாரம் உன் தலையில் மட்டும் இருப்பதுதான் உன்னை இப்படி அலைக்கழிக்கிறது. "உங்கள் குற்றங்களை ஒருவருக்கொருவர் அறிக்கையிட்டு, ஒருவருக்காக ஒருவர் ஜெபம்பண்ணுங்கள்" என்று அதே யாக்கோபுதான் ஐந்தாம் அதிகாரத்தில் சொல்கிறார், சொஸ்தமடைவதை அதோடுதான் சேர்த்துச் சொல்கிறார். நம் சீர்திருத்த சபைகளில் கத்தோலிக்கரைப்போல அறிக்கை செய்கிற வழக்கம் இல்லை என்பதால் நம்மில் பலபேர் ஆயுசு முழுக்க ஒரு மனுஷனிடம்கூட உள்ளதைச் சொல்லாமலே போய்விடுகிறோம். எனக்கு இது பெரிய குறையாகவே தெரிகிறது.

இன்னொன்று, கன்வென்ஷன் பந்தலில் முன்னால் போனது பொய் என்று நினைக்காதே. ஆனால் அந்தத் தீர்மானத்துக்கு அடுத்த நாள் காலையில் ஒரு நேரமும் இடமும் கொடுத்தாயா? மத்தேயு 12-ல் ஒரு மனுஷனைவிட்டுப் போன அசுத்த ஆவி திரும்பிப் பார்த்தபோது வீடு பெருக்கி ஜோடிக்கப்பட்டு வெறுமையாக இருந்தது, அது இன்னும் ஏழு ஆவிகளைக் கூட்டிக்கொண்டு வந்தது. உன் லெந்து காலமும் அப்படித்தான் ஆனது என்று நினைக்கிறேன். விலக்கி வைத்தாய், அந்த இடத்தில் எதையும் வைக்கவில்லை, நாற்பது நாள் முடிந்ததும் வீடு காலியாகவே இருந்தது.

எதை வைப்பது? அதிகாலையை வை. அருமனை, குலசேகரம் பக்கம் ரப்பர் வெட்டுகிறவர்கள் இருட்டிலேயே தலையில் விளக்கைக் கட்டிக்கொண்டு தோட்டத்துக்குப் போவதை நீ பார்த்திருப்பாய், வெயில் ஏறிவிட்டால் பால் ஓட்டம் குறைந்துவிடும். ஜெபமும் அப்படித்தான் மக்கா, பத்து மணிக்குமேல் களைத்துப்போய்ப் படுக்கையில் பண்ணுகிற ஜெபத்தில் என்ன சத்து இருக்கும்? காலையில் எழ வேண்டுமென்றால் ராத்திரி சீக்கிரம் படுத்தே ஆக வேண்டும், உன் கெட்ட நேரத்தில் பாதி அதிலேயே போய்விடும். காலையில் ஒரு சங்கீதம், ஒரு சுவிசேஷப் பகுதி, அதில் ஒரு வசனத்தை மனப்பாடம் பண்ணு. சின்ன வகுப்பில் பிள்ளைகளுக்கு மனப்பாடம் சொல்லிக்கொடுக்கிறாயே, நீ கடைசியாகப் புது வசனம் படித்தது எப்போது? "நான் உமக்கு விரோதமாய்ப் பாவஞ்செய்யாதபடிக்கு, உமது வாக்கை என் இருதயத்தில் வைத்துவைத்தேன்" என்கிறது சங்கீதம் 119:11. இயேசு வனாந்தரத்தில் சொன்ன மூன்று பதிலும் உபாகமம் 6, 8 அதிகாரங்களில் இருந்து வந்தவை. அங்கே அவர் சுருளைத் திறந்து தேடிக்கொண்டிருக்கவில்லை, உள்ளே இருந்தது வெளியே வந்தது.

ராத்திரி எட்டரை மணிக்கு வீட்டில் குடும்ப ஜெபம் நடக்குமல்லவா, கழக்கூட்டத்திலிருந்து போனில் அதில் சேர்ந்துகொள். அம்மா பாட்டு எடுத்துக்கொடுத்தால் நீயும் பாடு. அதற்குப் பிறகு போன் அலமாரிக்குள் போகட்டும்.

கடற்கரை ஊர்க்காரி எழுதியது:

சார் எங்களைப்பற்றிச் சொன்னதால் நானும் எழுதுகிறேன், நான் முட்டம் பக்கத்துக் கத்தோலிக்கப் பெண். சாமியாரிடம் பாவத்தைச் சொல்கிற பாவசங்கீர்த்தனத்துக்குப் போய் நிற்கிறது சுலபம் என்று நினைக்காதீங்க தம்பி, சாமியாருக்கு நம் குரல் தெரியும் என்று நினைத்தாலே நெஞ்சு அடிக்கும். ஆனால் வாய் திறந்து சொன்ன பாவத்துக்கு அடுத்த தடவை பாதி பலம் போய்விடும், இதை அனுபவத்தில் சொல்கிறேன்.

சும்மா இருக்கிற நேரம்தான் ஆபத்து என்பதைக் கடற்கரையில் எங்களுக்கு யாரும் சொல்லித்தர வேண்டாம். மேற்குக் கடலில் ஜூன் 1 முதல் ஜூலை 31 வரை தடைக்காலம், விசைப்படகுகள் எல்லாம் கரையில் கிடக்கும். கடலில் உயிரைக் கொடுத்து உழைத்த ஆம்பளைகள் அந்த இரண்டு மாதத்தில்தான் குடியிலும் சீட்டாட்டத்திலும் விழுவார்கள், கையில் காசு இல்லாவிட்டாலும் கடன் வாங்கி விழுவார்கள். அந்த மாதங்களுக்கென்று முன்கூட்டியே வலை பின்னுகிற வேலை, பக்கத்து வீட்டுக்காரர்கள் சேர்ந்து ஜெபிக்கிற அன்பியக் கூட்டம், பிள்ளைகளோடு செபமாலை என்று ஒழுங்கு வைத்திருக்கிற வீடுகளில் இந்தத் தொந்தரவு குறைவு. தாவீது ராஜாவும் யுத்தத்துக்குப் போக வேண்டிய காலத்தில் எருசலேமில் இருந்துவிட்டான், சாயங்காலத்தில் படுக்கையைவிட்டு எழுந்து உப்பரிகையில் உலாவினான், அங்கே இருந்துதான் இன்னொருவன் மனைவியான பத்சேபாளைப் பார்த்து விழுந்தான். உங்களுக்கு வேலை முடிந்த பிறகு படுக்கிறது வரை இருக்கிற நேரம்தான் தடைக்காலம். அதில் என்ன செய்யப் போகிறீர்கள் என்று காலையிலேயே முடிவு பண்ணுங்க.

நம்ம நட்டாலத்துப் புனிதர் தேவசகாயத்தை நான் அடிக்கடி நினைப்பேன். பத்மநாபபுரம் அரண்மனையில் நல்ல உத்தியோகத்தில் இருந்தவர். 1741 குளச்சல் போரில் பிடிபட்டு, பிறகு திருவிதாங்கூர் படையிலேயே தளபதியான டச்சுக்காரர் டிலனாய்தான் அவருக்கு, எல்லாவற்றையும் இழந்தும் விசுவாசத்தை விடாத யோபுவின் கதையைச் சொன்னது. 1745-ல் வடக்கன்குளத்தில் ஞானஸ்நானம் வாங்கினார், 1752 ஜனவரி 14-ல் ஆரல்வாய்மொழிக் காற்றாடிமலையில் சுட்டுக் கொன்றார்கள். கடைசி நாளைத்தான் எல்லோரும் பேசுவார்கள், எனக்கு அதற்கு முந்தின ஏறக்குறைய மூன்று வருடம்தான் பெரிதாகத் தெரியும். சிறை, அடி, எருமையில் ஏற்றி ஊர் ஊராக இழுத்துக்கொண்டு போனது. விசுவாசத்தை விட்டுவிட்டால் எல்லாம் முடிந்துவிடும் என்ற வழி அத்தனை நாளும் அவர் முன்னால் திறந்தே கிடந்தது. ஒவ்வொரு காலையும் எழுந்து இன்றைக்கும் இல்லை என்று சொல்லியிருக்கிறார். 2022 மே 15-ல் ரோமில் புனிதராக அறிவித்த அன்றைக்கு நட்டாலத்திலும் கோட்டாற்றிலும் ஜனம் திரண்டு கொண்டாடியது. அந்தக் கொண்டாட்டத்துக்குப் பின்னால் அந்த மூன்று வருடக் காலைகள் இருக்கின்றன. உங்களுக்கும் ஆயுசு முழுவதற்கும் சேர்த்து இன்றைக்கே ஜெயிக்க வேண்டிய அவசியம் இல்லை தம்பி, இன்றைய ராத்திரியைப் பாருங்க. டிலனாய் மாதிரி பக்கத்தில் ஒரு நண்பரும் வேண்டும், அவர் இல்லையென்றால் யோபுவின் கதை யார் சொல்லியிருப்பார்கள்?

வடசேரி சேனைக்காரன் எழுதியது:

பீர் விஷயத்துக்கு மட்டும் என் பதில். நான் இரட்சணிய சேனை என்கிற சபையைச் சேர்ந்தவன், நாகர்கோவிலில் கேத்தரின் பூத் ஆஸ்பத்திரியை வைத்துத்தான் அதைப் பலருக்குத் தெரியும். நாங்கள் சேனையில் போர்வீரராக, அதாவது முழு உறுப்பினராக, சேரும்போது சபைக்கு முன்னால் ஓர் உடன்படிக்கையில் கையெழுத்துப் போடுவோம். மது, புகையிலை, போதைப்பொருள், சூதாட்டம், ஆபாசம், இவை எதையும் தொடமாட்டோம் என்று அதிலேயே இருக்கிறது. சட்டதிட்டம் அதிகம் என்று சிலர் சொல்வார்கள். எனக்கு அது பெரிய விடுதலை. யாராவது கிளாஸை நீட்டும்போது நான் புதிதாக யோசிக்க வேண்டியதில்லை, எப்போதோ முடிவு பண்ணியாகிவிட்டது.

அண்ணே, நீங்களும் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். பார்ட்டி மேசையில் வைத்து மறுத்தால் கெஞ்சுவார்கள், கேலி பண்ணுவார்கள். அலுவலகத்தில் சாதாரண நாளில் டீ குடிக்கும்போது "நான் குடிக்கமாட்டேன், இது என் விசுவாசம்" என்று சிரித்த முகத்தோடு சொல்லிவிட்டால் இரண்டு தடவைக்கு மேல் கேட்க மாட்டார்கள். வயிறு சரியில்லை, மாத்திரை சாப்பிடுகிறேன் என்று சாக்குச் சொல்லாதீர்கள், அடுத்த வாரம் வயிறு சரியாகிவிடும், திரும்பக் கேட்பார்கள்.

ஜெபவீரன் எழுதியது:

நெய்யூர் சார், நீங்கள் சொன்ன மாற்கு 9-ஐ நான் அப்படி யோசிக்கவில்லை, ஏற்றுக்கொள்கிறேன். சகோதரனே, ஆயரிடம் பேசுங்கள், அதுதான் சரி. வெள்ளிதோறும் நான் உபவாசம் இருக்கிறேன், உங்கள் காரியத்தையும் அதில் வைக்கிறேன்.

மார்த்தாண்டம்காரன் எழுதியது:

எல்லோருக்கும் நன்றி, வாசித்துவிட்டு ரொம்ப நேரம் அப்படியே உட்கார்ந்திருந்தேன். கடிகாரம் வாங்கிவிட்டேன், அந்த வடிகட்டியையும் போட்டாயிற்று. ஞாயிறு ஆராதனைக்குப் பிறகு பேச வேண்டும் என்று ஆயர் ஐயாவுக்கு மெசேஜ் அனுப்பியிருக்கிறேன், சரி வா என்று சொல்லியிருக்கிறார். வடசேரி அண்ணன் சொன்னபடி அலுவலகத்தில் நாளைக்கே சொல்லிவிடுகிறேன்.

ஒன்று மட்டும் பாக்கி. வீட்டில் பெண் பார்க்க ஆரம்பித்துவிட்டார்கள். கல்யாணம் ஆனால் இதெல்லாம் தானாகச் சரியாகிவிடும் என்று ஒரு நண்பன் சொல்கிறான். உண்மையா? பெண்ணிடம் இதைச் சொல்ல வேண்டுமா?

தக்கலை அக்கா எழுதியது:

சரியாகாது தம்பி. கல்யாணத்தை மருந்தாக நினைத்துக் கட்டிக்கொண்டவர்களுடைய மனைவிமார் ஆஸ்பத்திரியில் என்னிடம் அழுதிருக்கிறார்கள். இந்தப் பழக்கம் மோதிரம் போட்டதும் போகாது, அப்புறம் இன்னொருத்தியையும் சேர்த்து வதைக்கும். அந்தப் பெண் உன் பாவத்துக்கு வைத்தியம் பார்க்க வரவில்லை. அதனால் அம்மாவிடம் கொஞ்சம் அவகாசம் கேள், வேலையில் நிலைப்பட வேண்டும் என்று சொன்னால் போதும், அதுவும் உண்மைதான். முதலில் நீ நடக்கப் பழகு.

பெண்ணிடம் சொல்வதென்றால், பெண் பார்க்கப் போன முதல் நாள் டீயும் மிக்ஸரும் வைத்திருக்கிற இடத்தில் சொல்கிற விஷயமில்லை இது. ஆனால் நிச்சயத்துக்கு முன்னால் தனியாகப் பேச வாய்ப்பு கிடைக்கும்போது, இப்படி ஒரு போராட்டம் எனக்கு இருந்தது, ஆயரிடம் சொல்லியிருக்கிறேன், இன்ன மாதிரி நடந்துகொண்டிருக்கிறேன் என்று சொல்லிவிடு. விவரம் எதுவும் வேண்டாம், அவள் கேட்டதற்கு மட்டும் பதில் சொல். அவள் வேண்டாம் என்று சொன்னால் அவளைக் குறை சொல்லாதே, அது அவளுடைய உரிமை. அதற்கு முன்னால் இதையும் ஞாயிற்றுக்கிழமை ஆயரிடம் கேட்டுவிடு, உன் வீட்டாரையும் உன்னையும் நேரில் தெரிந்தவர் அவர்தான்.